நூறு பாம்புக்கடிகள், ஒரு மாஸ்டர் சார்ட்

என் அண்ணன் மகள் எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். போன வருடம் ஒரு ராத்திரி போன் பண்ணி, "சித்தப்பா, ரெண்டு மாசத்துல முடியற மாதிரி ஒரு ரிசர்ச் டாபிக் சொல்லுங்க" என்றாள். "பாம்புக்கடி எடுத்துக்கோ" என்றேன். யோசிக்கவே இல்லை, என் எம்.டி. தீசிஸே அதுதான். "அப்போ உங்க தீசிஸ அனுப்பி வைங்க, படிச்சுட்டு எழுதறேன்."

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். அனுப்ப என்னிடம் ஒன்றும் இல்லை. கல்லூரிக்கு எதிரே இருந்த டி.டி.பி. கடையில் டைப் செய்து, அங்கேயே பிரிண்ட் எடுத்து, அங்கேயே பைண்டு போட்ட தீசிஸ் அது. ஃபைல் அந்தக் கடைக்காரரின் கம்ப்யூட்டரில் இருந்தது. கடை போய் இப்போது அங்கே செல்போன் ரிப்பேர் கடை. பல்கலைக்கழகத்துக்கு, துறைக்கு, கைடுக்கு, எனக்கு என்று கறுப்பு ரெக்சின் அட்டையில் தங்க எழுத்தோடு போட்ட பிரதிகளில் என் பிரதி மட்டும் ஊரில் அம்மாவின் பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில், கசங்காமல் இருந்தது. படித்த ஆள் யாருமே இல்லாததால் கசங்க வழியில்லை.

புத்தகம் கைக்கு வர பத்து நாள் ஆனது. அதற்குள் அவளும் நானும் இணையத்தில் கிடைத்த பாம்புக்கடி தீசிஸ்களை ஒவ்வொன்றாகப் படிக்கத் தொடங்கினோம். இந்தக் குறிப்பு அந்த வாசிப்பிலிருந்து வந்தது. தீசிஸை யாரும் இலக்கியம் மாதிரி விமர்சனம் செய்வதில்லை. செய்யலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் ஒரு நல்ல விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் தன் முதுநிலை ஆய்வேடுகளை இணையக் களஞ்சியத்தில் திறந்து வைத்திருக்கிறது. கடவுச்சொல் வேண்டாம், காசு வேண்டாம், கூகுளில் தேடினாலே வந்து நிற்கும். பிஎச்.டி. ஆய்வேடுகளுக்கு 'சோத்கங்கா' இருக்கிறது, யு.ஜி.சி. விதியும் இருக்கிறது. எம்.டி., எம்.எஸ். தீசிஸ்களைப் பொதுவெளியில் வைக்கும் வழக்கம் அந்த அளவுக்குப் பரவவில்லை. அந்த விதத்தில் நம் மாநில மாணவர்களின் உழைப்பு கண்ணுக்குத் தெரிவது பெரிய விஷயம்.

சரி, திறந்த கதவுக்குள்ளே என்ன இருக்கிறது? இங்கே நான் எந்தக் கல்லூரியையும் எந்த மாணவரையும் சுட்டப் போவதில்லை. குற்றவாளிகளில் நானும் ஒருவன் என்பது சற்று நேரத்தில் தெரியும்.

தீசிஸ் என்பது ஒரு தனி இலக்கிய வகை. அதற்கென்று ஒரு காப்பிய மரபு உண்டு. கடவுள் வாழ்த்துக்குப் பதிலாக டீனுக்கு நன்றி, பிறகு துறைத் தலைவருக்கு, கைடுக்கு, உதவிப் பேராசிரியர்களுக்கு, கடைசி வரியில் நோயாளிகளுக்கு. வரலாறு என்ற பகுதி கிளியோபாட்ராவில் தொடங்கும், அல்லது சுஸ்ருதரில். இலக்கிய மீளாய்வு நாற்பது பக்கம், அதில் பாதி பாடப்புத்தகம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நால்வரின் படங்கள் எங்கிருந்தோ எடுத்து ஒட்டப்பட்டிருக்கும். அப்புறம் ஆய்வு. நூறு நோயாளிகள்.

எப்போதும் நூறு. சில சமயம் ஐம்பது. இதை முதலில் கவனித்தது அண்ணன் மகள்தான். "நூறு பேரைக் கடிச்சதும் பாம்பு நிறுத்திடுமா சித்தப்பா?" சிரித்தேன். ஆனால் கேள்வி சரியானது. எத்தனை பேரைச் சேர்த்தால் இந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு எடுத்த எண்ணாகப் பல ஆய்வுகளில் அது தெரியவில்லை. சதவீதம் போட வசதியான எண். நூறில் 62 என்றால் 62 சதவீதம், கால்குலேட்டர்கூட வேண்டாம். அந்தக் காலகட்டத்தில் வார்டுக்கு மொத்தம் எத்தனை பேர் வந்தார்கள், யாரை விட்டார்கள், ஏன் விட்டார்கள் என்ற வரி பெரும்பாலும் இருக்காது. வந்த உடனே இறந்தவர்கள் கணக்கில் உண்டா இல்லையா? அதுவும் தெரியாது. அதைப் பொறுத்து இறப்பு விகிதம் தலைகீழாக மாறிவிடும்.

முடிவுரைகளும் அப்படித்தான். 'மக்களிடையே விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்.' இதை எழுத எதற்கு மூன்று வருடம்?

இவ்வளவு திட்டிவிட்டு அடுத்ததைச் சொல்வது முரணாகத் தெரியலாம். இந்த தீசிஸ்களில் பொக்கிஷம் ஒன்று இருக்கிறது. கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். நூற்பட்டியலுக்கும் ப்ரோஃபார்மாவுக்கும் பின்னால், எறும்பு மாதிரி எழுத்தில், பக்கவாட்டில் திருப்பி அச்சிட்ட அட்டவணை. மாஸ்டர் சார்ட். ஒரு வரி, ஒரு மனிதர். வயது, பால், தொழில், கடித்த இடம், கடித்த நேரம், வந்து சேர்ந்த நேரம், கயிறு கட்டியிருந்தாரா, சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்த ரத்தம் 20 நிமிடத்தில் உறைந்ததா, எத்தனை குப்பி விஷமுறி மருந்து, சிறுநீரகம் என்ன ஆனது, வீடு திரும்பினாரா. ஒரு பிஜி மாணவன் ராத்திரி இரண்டு மணிக்கு, பயத்தில் இருக்கும் சொந்தக்காரர்களிடம் கேட்டுக் கேட்டுப் பொறுக்கிய தகவல் ஒவ்வொன்றும். 'என்ன பாம்பு' என்ற பத்தியில் அடிக்கடி வரும் பதில் 'தெரியாது'. அந்தத் 'தெரியாது'வும் ஒரு தகவல்தான்.

இது ஏன் முக்கியம்? பாம்புக்கடியைப் பொறுத்தவரை இந்தியாவில் கணக்கே தகராறு. 2020-ல் 'ஈலைஃப்' இதழில் வந்த ஆய்வு, 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர், பாம்புக்கடியால் இறந்திருக்கிறார்கள் என்று மதிப்பிட்டது. மருத்துவமனைகள் வழியாக அரசுக்கு வந்த எண்ணிக்கை இதன் அருகில்கூட வராது. பெரும்பாலான சாவுகள் வீட்டிலும் கிராமத்திலும் நடந்தவை. அந்தக் கட்டுரை திறந்த அணுக்கத்தில் வந்தது, தாலுகா மருத்துவமனையில் உட்கார்ந்து நானே படித்தேன். உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்ப் பட்டியலில் சேர்த்தது 2017-ல். தமிழக அரசு இதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது 2024 நவம்பரில். அதாவது இனிமேல்தான் முறையான கணக்கு. அதற்கு முந்தைய பல பத்தாண்டுகளுக்கு, எந்த ஊர்ப் பக்கத்தில் எந்த வேலை செய்தவரைக் கடித்தது, எத்தனை மணி நேரம் கழித்து வந்தார் என்ற விவரம் வேண்டுமென்றால் இந்த மாஸ்டர் சார்ட்டுகளை விட்டால் அதிகம் கிடையாது.

இன்னொரு காரணமும் உண்டு. இந்தியாவில் விஷமுறி மருந்து தயாரிக்கத் தேவையான விஷத்தின் பெரும்பகுதி, மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. இருளர்களின் கைத்திறன் பற்றித் தனியாக ஒரு நாள் எழுத வேண்டும். ஆனால் ஒரே கண்ணாடி விரியனின் விஷம் ஊருக்கு ஊர் மாறுபடுகிறது. எந்த வட்டாரத்தில் மருந்து எப்படி வேலை செய்தது என்பதை அந்தந்த வட்டாரத்து வார்டு பதிவுகள்தான் சொல்ல முடியும். அதைப் பதிந்து வைத்தவர்கள் மாணவர்கள்.

அந்தப் பதிவு இன்று இருக்கும் நிலையைப் பாருங்கள். ஸ்கேன் செய்த பி.டி.எஃப். கோணலாக. 'ஆம்', 'இல்லை' என்பதற்குப் போட்ட கூட்டல் குறியும் கழித்தல் குறியும் ஸ்கேனில் ஒன்றாகத் தெரிகிறது. கம்ப்யூட்டரால் படிக்க முடியாது, ஒவ்வொரு எண்ணையும் கையால் திரும்ப அடிக்க வேண்டும். திறந்திருக்கிறது, ஆனால் எடுத்துப் புழங்க முடியவில்லை. தானியத்தைப் பத்தாயத்தோடு சேர்த்து பைண்டு பண்ணிக் கொடுத்த மாதிரி.

இதைவிட மோசமான ஒன்றும் கண்ணில் பட்டது. ஒரு சார்ட்டின் முதல் பத்தியில் நோயாளியின் பெயர், பக்கத்திலேயே ஐ.பி. நம்பர். இன்னொன்றில் வீங்கிய காலின் படத்தோடு முகமும் சேர்ந்து இருந்தது. கறுப்பு அட்டைக்குள் பீரோவில் இருந்தவரை அது யாருக்கும் தொந்தரவு இல்லை. இணையத்தில் ஏறிய நிமிடம் கதை வேறு. அந்தப் பெண்மணி கையெழுத்துப் போட்டது, அல்லது கைநாட்டு வைத்தது, 'டாக்டர் தம்பி படிப்புக்கு' என்று நம்பி. திறந்த அணுக்கம் பற்றி உற்சாகமாகப் பேசுகிறவர்கள் (நானும்தான்) இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறோம். பெயரை எடுத்துவிட்டால் மட்டும் போதாது. சின்ன கிராமம், வயது, தேதி மூன்றும் இருந்தால் அந்த ஊர்க்காரர் எவரும் ஆளைச் சொல்லிவிடுவார்.

சரி, என் புத்தகத்துக்கு வருகிறேன். அது வந்து சேர்ந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். மாஸ்டர் சார்ட்டை அவள் லேப்டாப்பில் அடிக்க, நான் வாசிக்க, மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிட்டோம். நூறு வரி. சாப்பிட்டுவிட்டு வந்து அவள் அதை இப்படியும் அப்படியும் வரிசை மாற்றிக்கொண்டிருந்தாள்.

"சித்தப்பா, இந்த ரெண்டு பேரும் ஒரே ஆளா?"

வயது ஒன்று, தொழில் ஒன்று, இடது கால் பெருவிரல், கடித்த நேரம் ஒன்று. சேர்ந்த தேதி மட்டும் வேறு. பார்த்ததும் ஞாபகம் வந்துவிட்டது. வீட்டுக்குப் போய், சிறுநீர் குறைந்து, மூன்றாம் நாள் திரும்பி வந்தவர். புது ஐ.பி. நம்பர். நான் புது நோயாளியாக எண்ணிவிட்டேன். இன்னும் தேடினோம். அதே மாதிரி இன்னொரு ஜோடி. என் நூறு உண்மையில் 98. அவசரத்தில் நடந்த பிழை என்று சொல்லிக்கொள்ளலாம். நூறை எட்டிவிட வேண்டும் என்ற அவசரம் அது என்பதும் எனக்குத் தெரியும்.

அது சின்ன அடி. பெரிய அடி டீ குடித்தபின் விழுந்தது. என் முடிவுரையில், சிகிச்சைக்கு வரத் தாமதமாவதற்கு முக்கியக் காரணம் மக்கள் முதலில் மந்திரிப்பவரிடமும் நாட்டு வைத்தியரிடமும் போவதே என்று எழுதியிருந்தேன். எல்லாரும் எழுதுவது, நானும் எழுதினேன். என் சார்ட்டிலேயே 'எங்கிருந்து அனுப்பப்பட்டார்' என்று ஒரு பத்தி இருந்தது. ப்ரோஃபார்மாவில் இருந்ததால் நிரப்பினேன், பிறகு அதை ஒரு தடவைகூட திரும்பிப் பார்த்ததில்லை. அவள் அந்தப் பத்தியை வைத்துப் பிரித்தாள். மிக அதிக நேரம் எடுத்தவர்கள், முதலில் வேறு ஒரு மருத்துவமனைக்குப் போய் அங்கிருந்து எங்களிடம் அனுப்பப்பட்டவர்கள். மந்திரிக்கப் போனவர்களும் தாமதமாகத்தான் வந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் அவர்களில் பலர் கயிறு கட்டிக்கொண்டு ஒரு மணி நேரத்தில் வேறு ஏதோ ஒரு ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருக்கிறார்கள். மிச்ச நேரம் போனது மருந்து இல்லை, ஆள் இல்லை, வண்டி இல்லை என்ற இடத்தில். நான் பழியை நோயாளி மேல் போட்டிருந்தேன். ஆதாரம் என் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இத்தனை வருடம் புடவைக்கடியில் இருந்தது.

நூறு பேரை வைத்துக்கொண்டு இதை உறுதியான முடிவாகச் சொல்ல முடியாது, 98 பேரை வைத்தும் முடியாது. ஆனால் கேள்வி மாறிவிட்டது. அவள் ப்ராஜெக்டின் கேள்வி அங்கிருந்துதான் பிறந்தது. கடிபட்டவர் நம் வாசலுக்கு வருமுன் எத்தனை வாசல் ஏறி இறங்கினார்?

கூடவே ஒரு வருத்தமும். எனக்குப் பின்னால் அதே துறையில் படித்த ஒருவர், அலமாரியில் இருந்த என் தீசிஸைப் பார்த்து, 'இந்நிறுவனத்தில் முன்பு நடந்த ஆய்வு' என்று என் முடிவை மேற்கோள் காட்டியிருக்கிறார். அந்த தீசிஸ் இணையத்தில் இருக்கிறது. மூலம் மூடிக் கிடக்க, பிழை மட்டும் வெளியே போய்விட்டது.

மாணவர் ஆய்வு என்றாலே பயிற்சிக்காகச் செய்வது, அதில் உலகுக்கு என்ன இருக்கப்போகிறது என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் பால் லாங்கர்ஹான்ஸ் கதையைச் சொல்வேன். பெர்லினில் மருத்துவம் படித்தவர். 1869-ல், 21 வயதில், கணையத்தின் நுண்ணமைப்பு பற்றி ஆய்வேடு எழுதினார். முயலின் கணையத்தில் அங்கங்கே தனியாகத் தெரிந்த சிறு செல்கூட்டங்களை விவரித்தார். அவை எதற்காக இருக்கின்றன என்று தெரியவில்லை என்பதையும் ஒளிக்காமல் எழுதினார். ஆய்வேட்டை அச்சிட்டு வெளியிடுவது அங்கே மரபு, அதனால் அது நூலகங்களுக்குப் போனது. 1893-ல் பிரான்சின் லாகெஸ் அவற்றுக்கு 'லாங்கர்ஹான்ஸ் தீவுகள்' என்று பெயர் வைத்தார். 1921-ல் டொரோன்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் அங்கிருந்து வரும் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். ஒரு மாணவன் பார்த்ததைப் பார்த்தபடி எழுதி, தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, பிறர் கையில் கிடைக்கும்படி வைத்ததுதான் இதன் தொடக்கம். நம் தீசிஸ்களில் 'இது எங்களுக்குப் புரியவில்லை' என்ற வாக்கியத்தை நான் தேடிக்கொண்டே இருக்கிறேன். வைவாவில் யார் அந்த ரிஸ்க் எடுப்பார்கள்?

பணத்தைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. 'ஜர்னல்ல போட்டுடலாமே' என்று சுலபமாகச் சொல்வார்கள். பெரிய திறந்த அணுக்க இதழ்கள் பலவற்றில் ஒரு கட்டுரைக்கு இரண்டாயிரம், மூவாயிரம் டாலர் கட்டணம். சிலவற்றில் சலுகை உண்டு, கேட்க வேண்டும் என்பதே பல மாணவர்களுக்குத் தெரியாது. கீழ்ப்படியில் இன்னொரு சந்தை இருக்கிறது. அண்ணன் மகளின் பெயர் ஒரு கல்லூரிக் கருத்தரங்கப் பட்டியலில் வந்த மறுவாரமே, 'மதிப்புக்குரிய பேராசிரியர் அவர்களுக்கு' என்று அவளுக்கு மின்னஞ்சல். நாலு நாளில் பிரசுரம், கட்டணத்தில் தள்ளுபடி. பாவம், அவள் அப்போது பார்மகாலஜி இன்டர்னலுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். இந்த வியாபாரம் எவ்வளவு பெரிது என்பதற்கு ஒரு தகவல்: ஹைதராபாத்திலிருந்து இயங்கிய இப்படிப்பட்ட ஒரு பதிப்பு நிறுவனம் 5 கோடி டாலருக்கும் மேல் செலுத்த வேண்டும் என்று 2019-ல் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெயர் வரிசையில் முன்னால் இருக்கும் கட்டுரைகள்தான் பதவி உயர்வுக்குக் கணக்கு என்று ஆசிரியர்களை நெருக்கினால், மாணவனின் வேலை இந்தக் கடைகளில் போய் விழத்தான் செய்யும். அங்கே போனபின் நல்ல ஆய்வும் கெட்ட ஆய்வும் ஒரே குப்பையில்.

2024 நவம்பரில் மத்திய அரசு 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள். அரசுக் கல்லூரி மாணவருக்கு நிச்சயம் நல்லது, வரவேற்கிறேன். ஆனால் அது உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கான திட்டம். ராத்திரி பாம்புக்கடி பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் அந்த வேலிக்கு வெளியே. அடுத்தவர் எழுதியதைப் படிக்க இவ்வளவு பணம் கட்டும் நாம், நம் பிள்ளைகள் எழுதியதை ஒழுங்காக வைக்க எவ்வளவு செலவழிக்கிறோம்? 'ஸெனோடோ' என்று ஒன்று இருக்கிறது. ஜெனீவா அருகே இருக்கும் செர்ன் ஆய்வகம் 2013-லிருந்து நடத்துகிறது. எந்தத் துறை ஆய்வானாலும் தரவையும் அறிக்கையையும் இலவசமாக ஏற்றலாம், நிரந்தர அடையாள எண்ணும் கிடைக்கும். பிழை கண்டுபிடித்தால் திருத்திய பதிப்பைப் போடலாம், பழைய பதிப்பும் அப்படியே இருக்கும். ஒரு எக்ஸெல் ஃபைலை ஏற்றக் கால் மணி நேரம் போதும்.

கால் மணி நேரம் என்று எழுதிவிட்டேன். என் சார்ட்டை ஏற்ற ஐந்து மாதம் ஆனது. கல்லூரிக்கு எழுதினேன், எத்திக்ஸ் கமிட்டிக்கு எழுதினேன். "இத்தனை வருஷம் கழிச்சு இது எதுக்கு டாக்டர்?" என்று ஒருவர் போனில் நிஜமாகவே புரியாமல் கேட்டார். இதே கேள்வியை இன்னொரு விதமாக என் மனைவியும் கேட்டாள். "உங்க தப்ப நீங்களே ஊருக்குச் சொல்லணுமா?" கடைசியில் பெயர், ஐ.பி. நம்பர், ஊர் மூன்றையும் நீக்கி, தேதிக்குப் பதில் மாதம் மட்டும் வைத்து, வயதை ஐந்தைந்தாகத் தொகுத்துப் போடலாம் என்று எழுத்தில் அனுமதி வந்தது. இப்படிச் செய்ததில் சில நுணுக்கங்கள் போய்விட்டன. பரவாயில்லை.

அண்ணன் மகளின் ப்ராஜெக்ட் நடந்துகொண்டிருக்கிறது. அதை இப்போதே வெளியே போடலாமா என்று கேட்டதற்கு அவள் கைடு, "போட்டா வேற யாராவது எடுத்து எழுதிடுவாங்கம்மா" என்றிருக்கிறார். நல்ல மனிதர், பயம் அவருடையது மட்டுமல்ல. முடிந்தபின் போடலாம் என்று ஒத்துக்கொண்டிருக்கிறார். அவள் தன் ப்ரோஃபார்மாவில் இரண்டு கூடுதல் பத்திகள் சேர்த்திருக்கிறாள். ஒன்று, இதற்கு முன் ஏறிய மருத்துவமனைகள், ஒவ்வொன்றிலும் வந்த நேரம், கிளம்பிய நேரம். இரண்டு, இவர் ஏற்கெனவே நம் பட்டியலில் இருக்கிறாரா.

என் ஃபைலின் முதல் பக்கத்தில் திருத்தக் குறிப்பு இருக்கிறது. தலைப்பில் 'நூறு நோயாளிகள்' என்று இருப்பதை 98 என்று படிக்கவும், 74-ம் பக்கத்து முடிவுரையின் இரண்டாம் பத்தியை எடுத்தாள வேண்டாம் என்று எழுதியிருக்கிறேன். இதுவரை 11 பேர் இறக்கியிருக்கிறார்கள். அதில் மூன்று நான்தான், சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதற்காக.